வேகப் படகில் வேலை செய்பவர்களின் முதுகைக் காக்க அதிர்வு தாங்கும் இருக்கை மட்டும் போதுமா?

போதாது. இருக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பழுதுபார்த்துத்தான் பிழைக்கிறேன். இங்கிலாந்தில், கப்பல்களுக்கு வழிகாட்டிகளை ஏற்றிச் செல்லும் பைலட் படகுகளும் ரோந்துப் படகுகளும் என்னிடம் வருகின்றன. புது இருக்கை பொருத்தியதும் பலர் முதலில் செய்வது வேகத்தைக் கூட்டுவதுதான். வாங்கிய பாதுகாப்பை அன்றைக்கே செலவழித்துவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. அலையின் முகட்டைத் தாண்டி ஒரு மீட்டர் விழும் உடலை 2 சென்டிமீட்டர் பஞ்சு நிறுத்தினால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 50 மடங்கு அடி. 15 சென்டிமீட்டர் இறங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங் நிறுத்தினால் ஏறக்குறைய 7 மடங்குதான். ஆனால் அந்த 15 சென்டிமீட்டரும் தீர்ந்த பிறகு வேகம் மிச்சமிருந்தால், அது சில மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அப்போது சாதாரண இருக்கையைவிட மோசமான அடி விழும். மார்பும் இடுப்பும் சேரும் இடத்திலுள்ள முள்ளெலும்புகள் நசுங்குவது இத்தகைய அடிகளில்தான்.

வந்த இருக்கையின் ரப்பர் உறையைக் கழற்றியதும் அடியிலுள்ள தடுப்புக் கட்டையைத்தான் முதலில் பார்ப்பேன். அது பளபளவென்று தேய்ந்து ஓரம் வெடித்திருந்தால் இருக்கை அடிக்கடி அடிவரை இறங்கித் தட்டியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காரணம், உட்காருபவரின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கை அமைக்கும் எடைத் திருகு. 60 கிலோ ஆளும், உடுப்பும் கருவிகளுமாக 110 கிலோ ஆளும் ஒரே அளவில் உட்கார்ந்திருப்பார்கள். திருகோ உப்பில் இறுகி அசையாது. இதற்கு நன்னீரும் கிரீஸும் போதும், யாரும் செய்வதில்லை.

சுக்கான் பிடிப்பவர் அலையைப் பார்த்து முழங்காலை மடக்கித் தயாராகிவிடுவார். பின்னால் குனிந்து ரேடார் பார்ப்பவருக்கு அது தெரியாது; இருட்டில் இல்லாத படியில் கால் வைப்பது போலத்தான். அதனால்தான் குதிரைமேல் அமர்வது போன்ற இருக்கையும் கைப்பிடியும் எல்லோருக்கும் வேண்டும். அடி அதிகம் விழும் முன்பக்கத்தில் ஆளே வேண்டாம்.

2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி, எட்டு மணிநேரச் சராசரி அதிர்வுக்கு 1.15 மீட்டர்/விநாடி² என்று வரம்பு வைத்தது. அலை எழும்பிய கடலில் அதைத் தொட எட்டு மணிநேரம் தேவையில்லை. தவிர, சராசரி என்பது பெரிய அடிகளை மறைத்துவிடும். ஒவ்வொரு அடியையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டும் அளவைக் (VDV) கேளுங்கள்; அந்தக் கூட்டலில் இருமடங்கு பெரிய அடி 16 மடங்காகச் சேரும்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், அடியை அளந்து சுக்கான் பிடிப்பவரின் கண்ணெதிரே காட்டும் கருவியை முதலில் வாங்குங்கள். எண் ஏறுவதைக் கண்டால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடித்த கை தானாகவே கொஞ்சம் பின்வாங்கும். இருக்கையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.