பால் குடிக்கும் கன்றுக்கு வயிற்றுப்புண் வருமா?

வரும், அதுவும் நிறைய கன்றுகளுக்கு. அதிகம் பாதிக்கப்படுவது பண்ணையில் பால் குடித்து வளரும் கன்றுதான்.

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. கன்று குடிக்கும் பால் முதல் மூன்றையும் தாண்டி நேராக நான்காவது அறைக்குப் போய்விடும். அமிலம் சுரப்பது அங்கேதான். பால் உள்ளே இருக்கும்வரை அமிலத்தின் வீரியம் குறையும். வயிறு காலியானதும் மறுபடி ஏறும். தாயிடம் விட்ட கன்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். பண்ணையிலோ பெரும்பாலும் இரண்டே வேளை, ஒரேயடியாக நிறைய. வயிறு அளவுக்கு மீறி விரியும்போது சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அப்புறம் பல மணி நேரம் வெறும் வயிறு. புண் உண்டாக இவை முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. கரடுமுரடான வைக்கோல் ஏற்கெனவே உள்ள புண்ணை மோசமாக்கலாம். அதற்காக நார்த்தீவனத்தையே நிறுத்திவிடாதீர்கள், முதல் வயிறு வளர அது கட்டாயம் வேண்டும்.

வேதனை என்னவென்றால், பல கன்றுகள் வெளியே எதையும் காட்டுவதில்லை. பல் நறநறப்பு, பால் மறுப்பு, வயிறு உப்புதல், தார் போன்ற கறுப்புச் சாணம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். புண் ஓட்டையாகிவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம், சில வகைகள் புண்ணைக் கூட்டும்.

முடிந்தால் அதே பாலை மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.