கேள்வி பதில்: சிறைக்குள் ஏன் இத்தனை அடிதடி?

கேள்வி: வெப் சீரிஸில் வருகிற சிறை எதைப் பார்த்தாலும், சாப்பாட்டு வரிசையிலேயே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முரடர்களை ஒரே இடத்தில் அடைத்தால் அப்படித்தான் என்கிறார் என் கணவர். நல்ல பையன்களை அடைத்தே அமெரிக்காவில் சோதித்துவிட்டார்கள், சிறைதான் காரணம் என்கிறாள் சைக்காலஜி படிக்கும் மகள். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: மகள் சொல்வது 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய சோதனை. நாளுக்கு 15 டாலர் கொடுத்து மாணவர்களைக் கைதி, காவலர் என்று பிரித்தார்கள். காவலர் பையன்கள் கைதிப் பையன்களைக் கொடுமைப்படுத்த ஆரம்பித்ததால், இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது ஆறே நாளில் நின்றது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. காவலராக இருந்த ஒரு பையன் ஒதுங்கி நின்றபோது, இன்னும் கறாராக இரு என்று நடத்தியவர்கள் தரப்பிலேயே அவனை வற்புறுத்திய ஒலிப்பதிவு பின்னாளில் வெளியே வந்தது.

உங்கள் கணவர் பக்கம், சிறை வாழ்க்கை பற்றி 1962இல் எழுதிய அமெரிக்க சமூகவியலாளர்கள் இர்வினும் கிரெஸ்ஸியும் இருக்கிறார்கள். கோஷ்டி, பழைய பகை, முதலில் அடிப்பவன்தான் பிழைப்பான் என்கிற தெருப்பாடம், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் ஆள் உள்ளே வருகிறான் என்பது அவர்கள் கட்சி. இர்வின் வெறும் ஏட்டுப் படிப்பாளி இல்லை, ஆயுதக் கொள்ளைக்காக ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டுப் பேராசிரியர் ஆனவர்!

சரி, மூட்டை வருகிறது. அதை அவிழ்க்க வைப்பது எது? அமெரிக்காவின் நியூ ஜெர்சி சிறை ஒன்றைக் கூர்ந்து பார்த்து 1958இல் சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ் எழுதியது இங்கேதான் உதவும். சுதந்திரம், பொருள்கள், பெண் துணை, தன் இஷ்டப்படி நடப்பது, பாதுகாப்பு என்று ஐந்தும் போய்விட்ட ஒருவனிடம் மிச்சம் இருப்பது கெத்து மட்டும்தான், வரிசையில் ஒருத்தன் முந்தினால் அதுவும் போகிறது. நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் வாரத்துக்கு ஒரு குளியல், மாதத்துக்கு ஒரே ஒரு டாய்லெட் பேப்பர் ரோல். 1971 செப்டம்பரில் அங்கே வெடித்த கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். பேப்பருக்காக மட்டும் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த ரோலை முப்பது நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், கோபம் புரியும்.

நான் மகள் பக்கம் கொஞ்சம் சாய்வதற்குக் காரணம் ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவின் பார்லின்னி சிறையில் 1973இல், எங்குமே அடங்காத கைதிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். சொந்த உடை, சமையல், காவலரும் கைதியும் சேர்ந்து உட்கார்ந்து சச்சரவைப் பேசித் தீர்க்கும் கூட்டம். கொலைக்குற்றத்தில் வந்த ஜிம்மி பாய்ல், அதற்கு முன் கூண்டில் அடைத்தும் காவலர்களோடு மோதியவர், இங்கே களிமண்ணைப் பிசைய ஆரம்பித்து சிற்பி ஆனார். அதே ஆள், அதே மூட்டை.

கேள்வி: சிறைச் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: உண்டு போலிருக்கிறது. இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரியில் 231 இளம் கைதிகளில் பாதிப் பேருக்கு விட்டமின் மாத்திரை, மீதிப் பேருக்கு அதேபோல் தோற்றமுள்ள வெறும் மாத்திரை. விட்டமின் சாப்பிட்டவர்களின் அத்துமீறல்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் குறைவு என்று 2002இல் வெளியிட்டார்கள். வீட்டிலும் பசி நேரத்தில் யாரிடமும் வாயைக் கொடுக்காதீர்கள்.