சாய்ந்த மரத்தை வெள்ள மாடலில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: தாமிரபரணியின் வெள்ளச் சமவெளிக்கு ஹெக்-ராஸ் (HEC-RAS) என்ற வெள்ளக் கணிப்பு மென்பொருளில் இருபரிமாண மாடல் செய்கிறேன். ட்ரோன் படத்தில் கரையோரம் நிறைய மரங்கள் விழுந்து கிடக்கின்றன. தரையின் கரடுமுரடைக் குறிக்கும் மேனிங் மதிப்பை 0.035-லிருந்து 0.1-க்கு ஏற்றிவிட்டால் போதும் என்கிறார் என் கைடு. சரிதானா?
— முதுகலைப் பொறியியல் மாணவி, திருநெல்வேலி

அந்த 0.1 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீரியல் பொறியாளர் வென் டே சௌ 1959-ல் வெளியிட்ட அட்டவணையில், 'அடர்ந்து நிற்கும் பெருமரங்கள், சாய்ந்து கிடக்கும் மரங்கள் சில, புதர் குறைவு' என்ற வகைக்குக் கொடுத்த மதிப்பு அது. அதில் பெரும்பங்கு நிற்கிற மரங்களுக்கு உரியது. உங்கள் நிலத்தில் அப்படி அடர்ந்த காடு இல்லையென்றால் 0.1 ரொம்ப அதிகம்.

எண்ணைத் தேடுமுன், வெள்ளம் வந்தால் அந்த மரம் அங்கேயே கிடக்குமா என்று பாருங்கள். காய்ந்த கட்டையின் அடர்த்தி தண்ணீரில் பாதி என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் விட்டமுள்ள கட்டை 25 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே மிதந்து கிளம்பிவிடும். வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்கும் மரமும், நிற்கிற மரங்களுக்கு நடுவே சிக்கிய மரமும்தான் அங்கேயே தங்கும். பச்சை மருதத்தின் கனம் வேறு, அறுத்துப் போட்ட துண்டின் கனம் வேறு. இதை ட்ரோன் சொல்லாது. ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நிலைத்துக் கிடப்பவற்றுக்கு மட்டும் கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் ஆழம், நொடிக்கு அரை மீட்டர் வேகம். 10 மீட்டர் நீளம், அரை மீட்டர் விட்டமுள்ள மரம் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. மரம் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் இழுவைக் கெழு 1. தண்ணீரின் அடர்த்தி, எதிர்கொள்ளும் பரப்பு, வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால், மரம் தரும் தடை 625 நியூட்டன். மேனிங் மதிப்பு 0.035 உள்ள ஒரு ஹெக்டேர் தரை தரும் உராய்வோ சுமார் 30,000 நியூட்டன். ஆக, ஒரு மரம் இரண்டு சதவீதம்தான். ஹெக்டேருக்கு 20 மரம் இருந்தால் 12,500 கூடும். உராய்வு மேனிங் மதிப்பின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்த மதிப்பு 0.042-க்குத்தான் வரும். 0.1 அல்ல!

அதே 20 மரமும் ஓட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் கிடந்தால்? ஒன்றுக்கு 25 நியூட்டன்தான் தேறும். மாடலில் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதனால் எத்தனை மரம் என்று எண்ணும்போதே எந்தத் திசையில் கிடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு மரம் முழுக்க மூழ்கியிருக்கும்போதுதான் செல்லும். தண்ணீர் அதன் முதுகுக்குக் கீழே இருக்கும்வரை அது உராய்வே அல்ல, வரப்பு. வாய்க்கால் வாயிலோ கரை உடைந்த இடத்திலோ குறுக்கே ஒரே ஒரு மரம் கிடந்தாலும், வெட்டவெளியில் கிடக்கும் இருபதைவிட அதுதான் முக்கியம். அங்கே மேனிங் மதிப்பைத் தொடாதீர்கள். தரைமட்டத்தை அந்த மரத்தின் உயரத்துக்கு ஏற்றி, அதன்மேல் பிரேக்லைன் (மாடல் கட்டங்களின் விளிம்பை அந்தக் கோட்டில் நிறுத்தும் வசதி) போடுங்கள். மாடல் தரையைப் பிரித்துக்கொள்ளும் 20 மீட்டர் கட்டங்களில் அரை மீட்டர் மரம் கட்டத்தின் நடுவில் விழுந்தால் மென்பொருளுக்கு அது தடையாகவே தெரியாது. கட்டத்தின் விளிம்பில் இருந்தால்தான் ஓட்டத்தை மறிக்கும். கிளைகள் முட்டுக்கொடுத்து அடியில் தண்ணீர் புகுந்து போகிற மரமானால், முழு உயரத்துக்கு ஏற்றுவது தப்பு.

மிதந்து போகும் கட்டைகளை விட்டுவிடாதீர்கள். அவை பாலத் தூணில்தான் சேரும். ஹெக்-ராஸில் தூணுக்குத் தூண் மிதக்கும் குப்பையின் அகலமும் உயரமும் கொடுக்க வசதி உண்டு. நீர்மட்டத்தோடு ஏறுகிற செவ்வகமாக அதை எடுத்துக்கொள்ளும். குப்பையோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை மாடலை ஓட்டி, பாலத்துக்கு மேற்புறம் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில், மரங்களின் பாதிப்பு பெரும்பாலும் சமவெளியில் அல்ல, இங்கேதான் தெரியும். (வாழைத்தோப்புகளைத் தனியாகப் பிரியுங்கள். நிற்கிற வாழையும் வெள்ளத்தில் படுத்த வாழையும் ஒரே மதிப்பு அல்ல.)

கடைசியாக ஒரு சந்தேகம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் விட்டுச்சென்ற நீர்மட்டக் குறிகளை வைத்துத்தானே மாடலைச் சரிபார்க்கப் போகிறீர்கள்? உங்கள் ட்ரோன் படம் அதற்குப் பிந்தையது என்றால், அந்த மரங்களில் பல அந்த வெள்ளம் ஏறும்போது நின்றுகொண்டிருந்தவை. சரிபார்ப்பதற்காக மாடலை ஓட்டும்போது அவற்றை நிற்கிற மரங்களாகவே வையுங்கள்; சாய்ந்தவையாக, அடுத்த வெள்ளத்துக்காக ஓட்டும்போது மட்டும் சேருங்கள்.