உயிர்க்கரி போட்டால் மண்ணில் உள்ள நஞ்சு போய்விடுமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் 2 ஏக்கர் கரிசல். பல வருடம் பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்துகளை அடித்தோம். இனி இயற்கை முறையில் கீரை, காய்கறி போட ஆசை. ஏக்கருக்கு 25 கிலோ உயிர்க்கரி இரண்டு மூட்டை போட்டால் ஒரே பருவத்தில் நஞ்சு முழுக்கப் போய்விடும் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உயிர்க்கரி (பயோசார்), அதாவது மரம், உமி போன்றவற்றைக் காற்று அதிகம் புகாமல் சுட்டெடுக்கும் கரி, நல்ல பொருள்தான். அவர் சொல்கிற அளவும் பலனும்தான் பொய்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணே ஏறத்தாழ 900 டன் இருக்கும். அதில் 50 கிலோ கரியைக் கலந்தால் ஒரு கிலோ மண்ணுக்கு 55 மில்லிகிராம்தான் வரும். விரல் நுனியில் ஒட்டுகிற தூசி அளவு. 1 சதவீதம் கலக்க வேண்டுமானால் ஏக்கருக்கு 9 டன் வேண்டும். யாருக்குக் கட்டுப்படியாகும்?

இன்னொன்று, கரி நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் குளோர்பைரிபாஸ் கலந்த மண்ணில் யூக்கலிப்டஸ் கரியைச் சேர்த்து வெங்காயம் வளர்த்தார்கள். பயிருக்குள் ஏறிய மருந்து குறைந்தது. ஆனால் மண்ணில் அது சிதைந்துபோகும் வேகமும் குறைந்தது, ஏனென்றால் கரி பிடித்து வைத்ததை நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாது.

உங்கள் வயலுக்கு அந்தச் செலவே தேவையில்லை. மோனோகுரோட்டோபாஸ் மண்ணில் நெடுநாள் நிற்காது. குளோர்பைரிபாஸ் பொதுவாக இரண்டு முதல் நான்கு மாதத்தில் பாதியாகும். தொழுவுரம் போடுங்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். முதல் போகத்தில் மட்டும் கீரையும் கிழங்கும் வேண்டாம்.

கரி உதவுகிற இடம் ஒன்று உண்டு. மோட்டார் கொட்டகை ஓரம் மருந்து கலக்கி, டேங்க் கழுவி ஊற்றிய இடம். வயலைவிட அங்கேதான் நஞ்சு அதிகம். ஒரு சென்ட் என்றால் 90 கிலோ கரியை அரையடி ஆழம் கொத்திக் கலந்துவிடுங்கள். அங்கே உண்ணும் பயிர் எதுவும் வேண்டாம்.

அதற்கு வாங்கும்போதும் ஏமாறாதீர்கள். கரிமூட்டத்தில் மிஞ்சிய தூளும் அரிசி ஆலைச் சாம்பலும்கூட மூட்டை கட்டி, பயோசார் என்று பெயர் போட்டு வருகின்றன. உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் சாம்பல்தான். கறுப்பாக இருந்தாலும் தண்ணீரில் கழுவிப் போகாமல் சோப்பு கேட்டால் தார் படிந்த அரைவேக்காட்டுக் கரி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரிசல்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. உயிர்க்கரி பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. கொடைக்கானல், நீலகிரி போன்ற புளிப்பு மண்ணுக்கு அது நல்லது. கரிசல் ஏற்கெனவே காரம். அதில் வயல் முழுக்கக் கரியைக் கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் இளம் இலை நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் நிற்கும். நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து வாங்கி வருவீர்கள். மண்வள அட்டையில் பிஎச் (புளிப்பு-கார அளவு) 8க்கு மேல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வயலில் பரப்பாதீர்கள். செம்மண் காட்டுக்காரருக்கு நன்றாக வந்தது என்றால் அது அவர் மண்ணுக்கு.

அந்த அட்டையில் 12 விஷயங்கள் இருக்கும். பூச்சிமருந்து எச்சம் அதில் இல்லை. அதைத் தனியாகக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், தனிக் கட்டணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். மண்வள அட்டை 2015இல் வந்த திட்டம். இத்தனை வருடம் மருந்து அடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள், அது மண்ணில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு வழி செய்திருக்க வேண்டாமா? அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

அப்புறம், கரி போட்டால் இயற்கைச் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கும் என்றும் சொல்வார்கள். கிடைக்காது. ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருட மாற்றக் காலம் (ரசாயனம் போடாமல் நிலத்தை நடத்தும் காலம்) என்பது விதி. கடைசியாக மருந்தடித்த தேதியை நோட்டில் குறித்து, இனி வாங்கும் எல்லா இடுபொருளுக்கும் ரசீதைச் சேர்த்து வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்பது அதைத்தான்.