கேளுங்கள், சொல்கிறேன்: துறைமுகத்து இங்கிலீஷ்

கேள்வி: ஏப்ரல் 23ஐ ஐ.நா. ஆங்கில மொழி நாளாகக் கொண்டாடுகிறதாமே. 1956இல் மொழிச் சட்டத்தால் அடிபட்ட தமிழருக்கு இதில் கொண்டாட என்ன இருக்கிறது?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: 1956இல் வந்தது தனிச் சிங்களச் சட்டம். அதில் ஆங்கிலமும்தான் இடம் இழந்தது. அந்தக் கோபத்தை இதன் தலையில் கட்டாதீர்கள். ஐ.நா. தன் ஆறு அலுவல் மொழிகளுக்கும் 2010இல் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியது. ஆங்கிலத்துக்குக் கிடைத்தது ஷேக்ஸ்பியர் இறந்த நாள். பிறந்ததும் அன்றுதான் என்பார்கள்.

நான் கொண்டாடுவது ஷேக்ஸ்பியர் ஆங்கிலத்தை அல்ல, துறைமுகத்து ஆங்கிலத்தை. கொழும்புக் கோட்டையில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேசையில், கப்பல்களோடு பேசும் விஎச்எஃப் ரேடியோ நாள் முழுக்கக் கரகரக்கும். கப்டன் உக்ரேன்காரர், பக்கத்தில் நிற்கும் அதிகாரி பிலிப்பீன்ஸ்காரர், கப்பலை உள்ளே கொண்டுவர ஏறும் பைலட் நம்மூர்ச் சிங்களவர். ஒருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கப்பல் மட்டும் சரியாக வந்து கட்டும்.

இதற்கென்றே ஒரு சொற்றொடர்த் தொகுதியைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்டது. கப்பலின் திசை 150 பாகை என்றால் ‘ஒன் ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ‘ஃபிஃப்டீன்’ எது, ‘ஃபிஃப்டி’ எது என்று இரைச்சலில் குழம்பினால் கப்பல் எங்கே போய் முட்டும்? கேட்க வந்தால் முதலில் ‘குவெஸ்ச்சன்’, கட்டளையிட வந்தால் முதலில் ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லலாம்; எதிரே இருப்பவர் காதைத் தீட்டிக்கொள்வார். ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’ போன்ற வழவழாச் சொற்களைத் தவிர்க்கவும் சொல்கிறது. (நம் அரசாங்க அலுவலகங்களுக்கும் இந்த விதி வரவேண்டும். ‘ஆவன செய்யப்படும்’ என்ற வரி ஒழிந்துபோகும்.)

இந்த ஆங்கிலத்தை இங்கிலாந்துக்காரரும் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அதுதான் எனக்குப் பிடித்தது.

கேள்வி: வரவேற்பாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்து வாடை அடிக்கிறதாம். எப்படி மாற்றுவது?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: ஏன் பிள்ளை மாற்ற வேண்டும்? சர்வதேச விமானிகளின் ஆங்கிலத்தை ஆறு படிகளில் அளக்கிறார்கள். நாலாம் படி எடுத்தால் பறக்கலாம். அந்தப் படியில் உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம்; விளங்குவதற்கு எப்போதாவதுதான் இடைஞ்சலாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். முந்நூறு பேரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறவருக்குப் போதுமானது அந்த அலுவலகத்து வரவேற்பு மேசைக்குப் போதாதாமா? கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், சொல்லின் கடைசி ஒலியை விழுங்காதீர்கள். மூன்று மாதத்தில் ‘பிரிட்டிஷ் அக்சென்ட்’ தருகிறோம் என்கிற வகுப்புகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் அரசகரும மொழி ஆங்கிலம்தானே?
(தெஹிவளை மாணவர்)

பதில்: நடைமுறையில் ஆம். ஆனால் அப்படிச் சொல்லும் பொதுவான சட்டம் அங்கே இல்லை. பக்கத்து வேல்ஸில் வெல்ஷ் மொழிக்கு 2011இல் சட்டப்படி அந்தத் தகுதி கிடைத்தது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில்தான் ஜனாதிபதி ஆணை மூலம் ஆங்கிலத்துக்கு அது வந்தது. நம் அரசியலமைப்பிலோ 1987இல், தமிழும் அரசகரும மொழி என்று சேர்த்த அதே திருத்தத்தில், ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதியாகிவிட்டது.