சாத்துக்குடி கசந்தால் வோட்கா போலியா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “திருமண நாளுக்கு நண்பர்கள் வந்திருந்தார்கள். காலையிலேயே சாத்துக்குடியை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். அப்போது தேனாக இனித்தது. ராத்திரி வோட்காவும் சோடாவும் ஐஸும் சேர்த்துக் கொடுத்தால் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஒரே கசப்பு. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பாட்டில், தெரிந்தவர் மூலமாக ஒருவர் ‘ஏர்போர்ட் சரக்கு’ என்று கொண்டுவந்து கொடுத்தது. போலியாக இருக்குமோ? கொளுத்திப் பார்த்தேன், நீலமாகத்தான் எரிந்தது. அடுத்த மாதம் இன்னொரு விருந்து இருக்கிறது. அதே ஆளிடம் இரண்டு பாட்டிலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டு சிரப், ஷேக்கர் செட் எல்லாம் வாங்கினால்தான் நன்றாக வருமா?”

கசந்தது சாத்துக்குடி. அந்தப் பாட்டிலின் மேல் சந்தேகப்பட வேறு காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சாத்துக்குடியின் கொட்டையிலும், தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பஞ்சிலும், சுளையை மூடியிருக்கும் சவ்விலும் ஒரு பொருள் இருக்கிறது. பழமாக இருக்கும்வரை அதற்குக் கசப்பு கிடையாது. நசுக்கியதும் அது சாற்றின் புளிப்போடு கலந்து, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் காலையில் குடித்துப் பார்த்தபோது இனித்தது, ராத்திரி கசந்தது. ஃப்ரிட்ஜில் வைத்தால் வேகம் குறையுமே தவிர நிற்காது. மிக்ஸி கொட்டையையும் சவ்வையும் சேர்த்து அரைத்துவிடுவதால் கசப்பு இரட்டிப்பாகிறது. ஜூஸ் கடைக்காரர் நம் கண்முன்னே பிழிந்து கையில் கொடுக்கிறாரே, அதற்கு இதுவும் ஒரு காரணம். டப்பாவில் வரும் ஜூஸ் ஏன் கசப்பதில்லை என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் கசப்பைப் பிரித்தெடுக்கும் வழிகள் உண்டு. நம் வீட்டில் கிடையாது.

இதோடு ஐஸும் சேர்ந்தது. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஐஸ் உருகிய தண்ணீரும் இனிப்பைக் கரைத்துவிடும். மிச்சமிருந்த இனிப்பும் ஒளிந்துகொள்ள, கசப்பு மட்டும் தனியாக நின்றது. கூடவே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் வாங்கிய சோடா உண்மையில் சோடாதானா? சூப்பர் மார்க்கெட்டில் டானிக் வாட்டரும் சோடாவும் ஒரே தட்டில் அடுக்கியிருப்பார்கள். டானிக்கில் குவினைன் இருக்கிறது, பழைய மலேரியா மருந்து. அது கசக்காமல் வேறு என்ன செய்யும்?

சரி, ஒரு கிளாஸுக்குக் கணக்கு சொல்கிறேன். வோட்கா 45 மி.லி., சாத்துக்குடிச் சாறு 90 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி., சர்க்கரைப் பாகு 15 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு, மேலே 60 மி.லி. சோடா. அளக்க வெள்ளிக் கிண்ணம் தேவையில்லை. இருமல் மருந்து பாட்டிலின் மேல் 10 மி.லி. கோடு போட்ட மூடி இருக்குமே, அதைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். நாலரை மூடி வோட்கா. குத்துமதிப்பாக ஊற்றுகிறவர் கை எப்போதும் தாராளமாகத்தான் போகும், அதுவும் இரண்டாவது சுற்றில்.

சாத்துக்குடியைக் குறுக்காக வெட்டி, கையால் பிழியும் கிண்ணத்தில் மெதுவாகத் திருப்புங்கள். கடைசிச் சொட்டுவரை அழுத்த வேண்டாம், அந்தக் கடைசிச் சொட்டில்தான் கசப்பு. கொட்டையை உடனே எடுத்துவிடுங்கள். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு பிழிந்தால் போதும். எட்டுப் பேருக்கு எப்படிப் பிழிவது என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், விருந்தாளிகளில் ஒருவரைப் பிடித்து வேலை கொடுங்கள்.

பாகு என்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, கரையும்வரை சூடாக்கி ஆறவைத்தது. கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். சர்க்கரையை நேராகக் கிளாஸில் போட்டால் குளிரில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். உப்பு, ருசிக்காக மட்டும் போடுவதல்ல. கசப்பை நாக்கு உணர்வதை உப்பு குறைக்கிறது, கொஞ்சம் கசந்த சாற்றைக்கூட அது காப்பாற்றிவிடும்.

ஐஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் தட்டின் சின்னக் கட்டி ஐந்து நிமிடத்தில் தண்ணீர். போதாக்குறைக்கு ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாடையையும் அது பிடித்து வைத்திருக்கும். மூடி போட்ட டிபன் பாக்ஸில் முந்தைய நாளே தண்ணீர் உறையவைத்து, பெரிய துண்டுகளாக உடைத்துப் போடுங்கள். கிளாஸை விளிம்புவரை ஐஸால் நிரப்ப வேண்டும். ஐஸ் நிறைய இருந்தால் சீக்கிரம் குளிரும், மெதுவாக உருகும். இரண்டு கட்டி போட்டால்தான் தண்ணியாகும்.

ஷேக்கர் செட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வாய் அகன்ற, திருகு மூடி போட்ட எவர்சில்வர் பாட்டில் போதும். சோடாவைத் தவிர மற்றதையெல்லாம் ஐஸோடு போட்டு, வெளிப்பக்கம் வியர்க்கும்வரை குலுக்கி, வடிகட்டி ஊற்றி, பிறகு சோடா. சோடாவைப் போட்டுக் குலுக்கினால் மூடி கூரையில் இருக்கும். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போடுங்கள். அம்மியில் அரைப்பதுபோல் இடித்தால் பச்சைக் கசப்பு இறங்கும்.

வெளிநாட்டு சிரப்பும் அப்படித்தான். தர்பூசணி சிரப், பச்சை ஆப்பிள் சிரப் என்று விலை வைத்து விற்கிறார்கள். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம், வாசனை, நிறம். பழம் கடைசியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும், பல பாட்டில்களில் அதுவும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை, உங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிறது. அதைக் கையால் பிசைந்து, கொட்டை நசுங்காமல் வடிகட்டி எடுத்த சாற்றுக்கு முன்னால் எந்த சிரப்பும் நிற்காது. அதையும் மிக்ஸியில் போட்டுக் கொட்டையை அரைத்துவிட்டு என்னிடம் கசக்கிறது என்று எழுதாதீர்கள். வேறு வாசனை வேண்டுமானால் சர்க்கரைப் பாகுக்குப் பதில் நன்னாரி சர்பத், எலுமிச்சையை மட்டும் 5 மி.லி. கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி பாட்டிலுக்கு வருவோம்.

தீ நீலமாக எரிந்தது என்கிறீர்கள். எரிந்தால் அதில் ஆல்கஹால் இருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஆல்கஹால் என்று தீ சொல்லாது. நாம் குடிக்கும் எத்தனாலும் நீலமாக எரியும், ஆளைக் கொல்லும் மெத்தனாலும் வெளிறிய நீலமாகத்தான் எரியும். இரண்டும் கலந்திருந்தாலும் நீலம்தான். மோந்து பார்த்தும் சொல்ல முடியாது, நாக்கில் வைத்தும் சொல்ல முடியாது. கசப்பு அதன் அடையாளமும் இல்லை. இது பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். ஃப்ரீசர் சோதனைக்கு மட்டும் ஒரு பயன் உண்டு: நம் நாட்டு வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம், வீட்டு ஃப்ரீசரில் உறையாது. ஐஸ்கூழாக மாறினால் தண்ணீர் கலந்திருக்கிறார்கள். உறையாவிட்டால் நல்ல சரக்கு என்று அர்த்தமில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம், உங்கள் பாட்டிலோடு ஒப்பிட முடியாது என்று தெரியும். ஆனால் யார் எங்கே நிரப்பியது என்று தெரியாத திரவம் என்ற அளவில் இரண்டும் ஒரே வரிசை. மெத்தனால் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் வரும். அந்த நிலையில் தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, நேரம்தான் இருக்காது. உங்கள் விருந்தாளிகள் நலமாக இருப்பதால் இந்தப் பயம் முடிந்தது. அடுத்த பாட்டிலுக்கு அது உத்தரவாதமில்லை.

பெரிய ஹோட்டல் பார்களில் பாட்டில் திறந்து, பிறகு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கவும் வந்தவன் நான். போலிக்காரனுக்கு மிகப் பிடித்த சரக்கு வோட்காதான். விஸ்கிக்கும் பிராந்திக்கும் நிறம், மணம் எல்லாம் ஒத்துவர வேண்டும். வோட்காவுக்கு நிறமுமில்லை, பெரிதாக மணமுமில்லை. மலிவான சரக்கை விலை உயர்ந்த பாட்டிலில் ஊற்றினால் முடிந்தது. அந்தப் பாட்டில் எங்கிருந்து வருகிறது என்கிறீர்கள்? உங்கள் வீட்டிலிருந்துதான். விருந்து முடிந்து பழைய பேப்பர்காரரிடம் முழுசாகப் போடும் அழகான காலி பாட்டிலுக்கு, மூடியோடும் அட்டைப் பெட்டியோடும் இருந்தால், தனி விலை. இனிமேல் லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கிவிட்டுப் போடுங்கள். மூடிக்குள் கண்ணாடிக் குண்டு வைத்திருக்கிறது, திரும்ப நிரப்ப முடியாது என்று ஆறுதல் சொல்வார்கள். அதைக் கழற்றத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலுக்கே வருகிறான்.

‘ஏர்போர்ட் சரக்கு’ என்ற சொல்லைக் கேட்டாலே நகர்ந்துவிடுங்கள். ‘மிலிட்டரி கேன்டீன் சரக்கு’, ‘பாண்டிச்சேரி சரக்கு’ இரண்டும் அதன் தம்பிகள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தீர்வையில்லாமல் 2 லிட்டர்தான் கொண்டுவரலாம், அதுவும் சொந்த உபயோகத்துக்கு, விற்பதற்கல்ல. மாதம் முழுக்க பத்துப் பேருக்குச் சப்ளை செய்கிறவருக்கு எத்தனை பயணிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இதற்கு விதிவிலக்கு ஒன்றுதான். உங்கள் சொந்த அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வருகிறார், விமான நிலையக் கடையில் தானே வாங்கி, சீல் வைத்த பையோடு உங்கள் கையில் கொடுக்கிறார். தாராளமாகக் குடியுங்கள். அண்ணன் வாங்கி, டாக்ஸி டிரைவரிடம் கொடுத்தனுப்பினால்? டிரைவரை உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். அண்ணனின் அறைத் தோழர் வாங்கி, அவர் மச்சான் கொண்டுவந்து, மச்சானின் நண்பர் உங்கள் வீட்டில் கொடுத்தால்? அது அண்ணன் கொடுத்ததில்லை, ‘தெரிந்தவர் மூலம்’ வந்தது. அண்ணன் கொடுத்ததற்கே நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், அது அன்பளிப்பு என்ற கணக்கிலிருந்து நழுவி விற்பனை என்ற கணக்கில் விழுகிறது, அதையும் கவனியுங்கள்.

அப்படியானால் நேர்மையாக எங்கே வாங்குவது? டாஸ்மாக்கில். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில். பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும் கம்பி வலைக்குப் பின்னால் கையை நீட்டி, என்ன பிராண்ட் இருக்கிறது என்று கேட்டால், இருப்பதை எடுத்து வைப்பார்கள். லேபிளைப் படித்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பாட்டில் மேல் அச்சிட்ட விலையைவிடப் பத்து ரூபாய் கூடக் கேட்பார்கள், பில் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். பெண்கள் போய் வாங்குவதை நினைத்தே பார்க்காத ஏற்பாடு. நல்ல வாடிக்கையாளரை ‘ஏர்போர்ட்’ ஆசாமியிடம் தள்ளிவிடுவதே இந்த ஏற்பாடுதான். சில மால்களில் டாஸ்மாக்கின் எலைட் கடைகள் இருக்கின்றன, நாமே அலமாரியில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே போங்கள். மூடி மேல் ஹாலோகிராம் ஒட்டு கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். காக்டெயிலுக்கு விலை உயர்ந்த வோட்கா அவசியமே இல்லை. பழச்சாறும் எலுமிச்சையும் சேர்ந்த பிறகு நடுத்தர விலைப் பாட்டிலுக்கும் வெளிநாட்டுப் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் உங்கள் விருந்தில் இருக்க மாட்டார். வாசனை சேர்த்த வோட்காவை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பழம் நாம் போடுகிறோமே.

45 மி.லி. வோட்காவில் இருக்கும் ஆல்கஹால், 330 மி.லி. சாதா பியரில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஜூஸ் மாதிரி இறங்குவதால் கணக்குத் தப்பும். வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராம், இரண்டு கிளாஸ் குடித்தவர் அதற்குள் நிற்பார் என்று நம்ப வேண்டாம். அவருக்கு வோட்கா இல்லாமல் அதே சாத்துக்குடி சோடா.

விருந்துக்கு முன்னால் எதைச் செய்து வைக்கலாம்? பாகு, ஐஸ், கழுவிய புதினா, ஃப்ரீசரில் வோட்கா. சாற்றோடு கலந்து ஜாடியில் வைப்பது கூடாது. மிஞ்சிய சாற்றை ராத்திரியே யாராவது குடித்துவிடட்டும், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

அந்த ஆளிடம் கொடுத்த முன்பணத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தர மாட்டார், பதிலுக்குப் பாட்டிலை இன்றே கொண்டுவருகிறேன் என்பார். வாங்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, லேபிளைக் கிழித்துப் போடுங்கள்.