ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டியாயிற்று, சர்வீஸ் மோசம், பணம் கேட்டால் ‘நான் ரீஃபண்டபிள்’ (பணம் திரும்பக் கிடைக்காது) என்கிறார்கள். பெங்களூரில் என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: விவேக் நகர் பக்கம் ஒரு ஜிம். 21,000 ரூபாய் மொத்தமாகக் கட்டி நாலு மாதம் ஆகிறது. மூன்று டிரெட்மில்லில் இரண்டு ஓடவில்லை, சாயங்காலம் ஏ.சி. போடுவதில்லை, சேரும்போது காட்டிய டிரெய்னர் வேலையை விட்டுப் போய்விட்டார், மேனேஜர் கன்னடத்தில் ‘நாளெ பன்னி சார்’ (நாளைக்கு வாங்க சார்) என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. கன்னடம் சரளமாக வராது, வெளியூரில் வந்து எதற்கு வம்பு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அல்சூர், ஶ்ரீராம்புரம், எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே இருந்தாலும் நம் ஆட்கள் பாதிப் பேர் இந்த ஒரு வாக்கியத்தில் பணத்தை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பணத்தைக் கேட்பது வம்பு இல்லை. மொழி தெரியாததும் இதில் ஒரு குறை இல்லை. எழுத வேண்டியது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம்.

முதலில் ரிசப்ஷனில் நின்று சண்டை போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு ரூபாய் திருப்பித் தரக்கூட அதிகாரம் கிடையாது. மேனேஜருக்கே பெரும்பாலும் கிடையாது. உங்களைச் சேர்த்துவிட்ட சேல்ஸ் பையன் இன்சென்டிவ் வாங்கிக்கொண்டு வேறு கிளைக்குப் போயிருப்பான். முடிவெடுக்கிறவர் ஓனர். அவர் யார் என்பது உங்கள் பில்லில் இருக்கிறது.

பில்லை எடுங்கள். வாசலில் உள்ள போர்டுப் பெயர் வேறு, சட்டப்படி பணம் வாங்கிய ஆள் வேறு. இது பலருக்குத் தெரியாது, இதனால்தான் நோட்டீஸ் திரும்பி வருகிறது. பில்லில் 15 எழுத்து கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்கும். கர்நாடகத்தில் பதிவு செய்தது என்றால் 29 என்று ஆரம்பிக்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதியில் அதைப் போட்டால் உரிமையாளர் அல்லது கம்பெனியின் சட்டப் பெயரும் பதிவு முகவரியும் வரும். ஃப்ரான்சைஸ் ஜிம் என்றால் பிராண்டு கம்பெனி ஒன்று, நடத்துகிறவர் இன்னொருவர். இரண்டு பேரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பில்லைப் பார்க்கும்போதே வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு முன்பு 18. அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவரிடம் 18 வாங்கியிருந்தால் அது தனிப் புகார். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாமல் ஜி.எஸ்.டி. என்று பணம் வாங்கியிருந்தால் அது இன்னும் மோசம். பில்லே தரவில்லையா? யு.பி.ஐ. ரசீது போதும், பணம் யார் கணக்குக்குப் போனது என்று அதில் இருக்கும். சேவைக்கு பில் தராததையே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

அடுத்தது ஆதாரம். ‘மெஷின் எல்லாம் சரியில்லை’ என்று எழுதினால் எதிர்த் தரப்பு ஒரே வரியில் மறுத்துவிடும். எந்த மெஷின், என்ன கோளாறு, எத்தனை நாள் என்று எழுத வேண்டும். ஜிம் சாமான்களை சர்வீஸ் செய்கிற தொழிலில் இருப்பதால் இதில் மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

டிரெட்மில் ஏன் அடிக்கடி படுக்கிறது? ஓடும் பெல்ட்டுக்கும் அதற்கு அடியில் இருக்கும் பலகைக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்தால் உராய்வு கூடும், மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோலர் போர்டு எரியும். சில நூறு ரூபாய் எண்ணெயில் முடிய வேண்டியது பல ஆயிரம் ரூபாய் போர்டில் முடிகிறது. அந்தச் செலவுக்கு யோசித்துத்தான் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ சீட்டு மாசக்கணக்கில் தொங்குகிறது. வீட்டு உபயோக மாடலை வாங்கி ஜிம்மில் போட்டிருந்தால் நிலைமை இன்னும் சீக்கிரம் கெடும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குச் செய்ததைப் பத்து மணி நேரம் ஓட்டினால் மோட்டார் என்ன செய்யும்?

மெஷின் நின்றிருக்கும்போது, பிளக் பிடுங்கியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி விரலை உள்ளே விட்டுப் பலகையைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பு இல்லாமல் சொரசொரப்பாக, விரலில் கறுப்புத் தூள் ஒட்டினால் பராமரிப்பு இல்லை என்று அர்த்தம். ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் பெல்ட் ஒரு கணம் தயங்கித் தயங்கி நகர்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அதில் ஓடாதீர்கள். சட்டையில் மாட்டும் சிவப்பு சேஃப்டி கீ (விழுந்தால் கழன்று மெஷினை நிறுத்தும் காந்தச் சாவி) இருக்கிறதா, கயிறு அறுந்திருக்கிறதா, காந்தத்தை ஒட்டவைத்தே ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். போட்டோவில் அது ஒன்று போதும், பாதுகாப்புக் குறைபாடு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

லாட் புல்டவுன், கேபிள் கிராஸ்ஓவர் என்று கேபிளால் எடையை இழுக்கும் இரண்டு மெஷின்களிலும் ஹேண்டில் மாட்டும் கொக்கிக்கு மேலே ஒரு சாண் அளவு கேபிளைக் கவனியுங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் உறை வெடித்து உள்ளே இரும்பு நரம்பு தெரிந்தால் அது அறுவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. வெயிட் ஸ்டாக்கில் (எடைத் தட்டுகளின் அடுக்கில்) ஒரிஜினல் பின்னுக்குப் பதில் போல்ட்டைச் செருகியிருப்பார்கள், அதையும் படம் எடுங்கள். மற்றவர்கள் முகம் விழாமல் முப்பது விநாடி வீடியோ, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று. லேடீஸ் நேரம் இருக்கும் ஜிம் என்றால் அந்த நேரத்தில் கேமராவை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள், புகார் உங்கள் மேல் திரும்பிவிடும். இரண்டு வாரம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்: ஏ.சி. எத்தனை மணிக்கு நின்றது, டிரெய்னர் தளத்தில் இருந்தாரா, எந்த மெஷின் எத்தனையாவது நாளாகக் கிடக்கிறது.

சேரும்போது என்ன சொன்னார்கள் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். விளம்பர நோட்டீஸ், வாட்ஸாப்பில் வந்த ஆஃபர் படம், ‘சர்டிஃபைடு டிரெய்னர், ஃபுல் ஏ.சி.’ என்ற செய்தி, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது மெயில். வாட்ஸாப்பில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஓனருக்கும் ஜிம்மின் பொது முகவரிக்கும் ஒரே மெயில், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. உறுப்பினர் எண், கட்டிய தொகை, தேதி, குறைகள் தேதியோடு, எவ்வளவு பணம் வேண்டும், எத்தனை நாளுக்குள். 15 நாள் கொடுங்கள். திட்டு ஒன்று கூட இருக்கக்கூடாது.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜிம்காரர் கணக்கு இப்படி இருக்கும்: மாதக் கட்டணம் 3,500, நாலு மாதத்துக்கு 14,000, அட்மின் சார்ஜ் 2,000, மீதி 5,000. உங்கள் கணக்கு நாள் கணக்காக இருக்கட்டும். 21,000-ஐ 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 57 ரூபாய் 53 காசு. 122 நாளுக்கு 7,019. மீதி 13,981. வருடச் சலுகை வாங்கிவிட்டு பாதியில் போகிறவரிடம் மாதக் கட்டணத்தில் கணக்குப் போடுவதில் ஓரளவு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்களாகப் போகவில்லை, அவர்கள் சேவை தராததால் போகிறீர்கள். அந்த வித்தியாசத்தை மெயிலில் ஒரு வரியாக எழுதுங்கள்.

ஃபார்மில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று கமென்ட்டில் யாராவது வருவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ஐப் படித்துவிட்டு வரட்டும். குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு ஏதும் இல்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். ‘நான் ரீஃபண்டபிள்’ என்று அச்சடித்துவிட்டால் ஏ.சி. போட வேண்டாம், மெஷின் ரிப்பேர் பண்ண வேண்டாம் என்று ஆகிவிடாது. அதேபோல, எனக்குச் சென்னைக்கு டிரான்ஸ்ஃபர், எனக்கு நேரமில்லை, ஆர்வம் போய்விட்டது என்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அது ஜிம்மின் குற்றம் இல்லை. அவர்கள் உறுப்பினர் காலத்தை ஃப்ரீஸ் செய்யச் (கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச்) சொல்லலாம், வேறு ஆள் பெயருக்கு மாற்றித்தரக் கேட்கலாம், அவ்வளவுதான்.

பணம் எந்த வழியில் போனது என்பதையும் உடனே பார்க்க வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருந்தால் உங்கள் ஆப்பிலேயே அதை ரத்து செய்யலாம், ஜிம்மின் அனுமதி வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ‘சேவை வழங்கப்படவில்லை’ என்று வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேளுங்கள், இதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ஜிம்மை மூடிவிட்டு ஓடியிருந்தால் இதுதான் வேகமான வழி. ஆனால் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று சொல்லி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் போட்டிருந்தால் கவனம். அது உங்கள் பெயரில் உள்ள கடன். ஜிம்மின் மேல் உள்ள கோபத்தில் தவணையை நிறுத்தினால் ஜிம்முக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். தவணையைக் கட்டிக்கொண்டே, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த ஊரில் வீட்டு அட்வான்ஸிலும் இதே கதைதான். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிவிட்டு, காலி செய்யும்போது சுவரில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் பெயின்ட்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்ரிமென்ட்டில் எழுதியிருக்கிறது என்று நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். முன்பணமாக மொத்தத் தொகை கைமாறிய அந்த நிமிஷமே கொடுத்தவன் கேட்டு நிற்கிறவன் ஆகிவிடுகிறான். சரி, ஜிம்முக்கு வருவோம்.

15 நாளில் பதில் இல்லை என்றால் 1915. புகார் எண் ஒன்று தருவார்கள். பெரிய சங்கிலி ஜிம் என்றால் இந்தக் கட்டத்திலேயே போன் வந்துவிடும். தெருமுனை ஜிம் என்றால் பலன் குறைவு, ஆனாலும் செய்யுங்கள், அந்த எண் பின்னால் ஆவணமாக நிற்கும். கூடவே ஜி.எஸ்.டி. தளத்தில் எடுத்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். வக்கீல் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, உங்கள் மெயிலையே கடிதமாக எழுதலாம். ‘டெலிவர்டு’ என்று வரும் டிராக்கிங் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம்: தேதி வரிசை, புகார், உறுதிமொழிப் பத்திரம், பில், மெயில்கள், போட்டோ. பழைய 1986 சட்டத்தில் எதிர்த் தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2019 சட்டத்தில் நீங்கள் வசிக்கும் இடத்திலும் போடலாம். வேலை மாறி ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டாலும் அங்கிருந்தே பெங்களூர் ஜிம்மின் மேல் புகார் கொடுக்கலாம் என்று அர்த்தம்.

புகாரின் தலைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று போட்டால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான், மாவட்டத்தில் நிற்காது. ‘சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை’ என்று போடுங்கள். நஷ்டஈடு என்று 5 லட்சம், 10 லட்சம் கேட்காதீர்கள். பணமும் வட்டியும், அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகையும் போதும். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த் தரப்பு பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் மட்டுமே நீட்டிக்கலாம். சட்டப்படி ஆணையம் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். பெரும்பாலான ஓனர்கள் ஆணையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்ததும் பேச வருவார்கள்.

அப்படிப் பேச வரும்போது பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ‘ஃபுல் அண்டு ஃபைனல்’ கடிதத்தை முதலில் நீட்டுவார்கள், பணம் அடுத்த வாரம் என்பார்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. கேஷ் வேண்டாம், பின்தேதியிட்ட செக்கும் வேண்டாம். ஆக்சஸ் கார்டைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், கைரேகைப் பதிவையும் அழிக்கச் சொல்லி அதே மெயில் தொடரில் ஒரு வரி எழுதி, அழித்துவிட்டோம் என்று பதில் வரும்வரை விடாதீர்கள்.